இது போகாது

"புதுசு மாதிரி ஆயிரும்ல தம்பி?"

எந்த வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினை உள்ளே தூக்கி வைப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். தேனியில் அப்பார்ட்மென்ட் வீடுகள், சின்னமனூரில் மாடி வீடுகள், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரிகளின் பங்களாக்கள் என்று ஐந்து வருஷமாகக் கார்ப்பெட்டும் சோபாவும் கழுவிக்கொண்டிருக்கிறேன். கேள்வி மாறுவதே இல்லை. "ஆயிரும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கலாம். நான் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் கார்ப்பெட்டின் சிவப்பின் மேல் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிப்பேன். துணியில் சிவப்பு ஏறினால் அந்தச் சாயம் தண்ணீருக்கு ஓடும் சாயம். அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பேன். பேசவே கால் மணி நேரம் ஆகும். என்னோடு உதவிக்கு வரும் பையனுக்கு இந்தக் கால் மணி நேரம் பெரிய இம்சை. "அண்ணே, வந்த வேலையைப் பாக்காம வாயாடிக்கிட்டு இருக்கீங்க" என்பான்.

நான் சொல்வது பெரிய விஷயம் இல்லை. சோபாவை நகர்த்தி, அதன் அடியில் இருந்த இடத்தைக் காட்டுவேன். "இதுதான் இதோட அசல் கலர். மத்த இடமெல்லாம் ஜன்னல் வெயில்ல வெளுத்திருக்கு. அதைக் கழுவி வரவைக்க முடியாது." வாசலிலிருந்து சமையல்கட்டு வரை ஒற்றையடிப் பாதை மாதிரி மங்கலாகத் தெரியும் கோட்டைக் காட்டுவேன். "நீங்க இதை அழுக்குன்னு நெனைக்கிறீங்க. பாதி அழுக்கு, பாதி தேய்மானம். காலோட வர்ற மண்ணு சாணைக்கல்லு மாதிரி நூலை ராவி விட்ருச்சு." அப்புறம் ஓரத்தை மடக்கி முதுகைப் பார்ப்பேன். கையால் முடிச்சுப் போட்டதா, மெஷினில் நெய்ததா, ரப்பர் பால் பூசி ஒட்டியதா என்று முதுகு சொல்லிவிடும். ஒட்டியதில் பழசு என்றால் ரப்பர் உதிர்ந்து மாவாகக் கொட்டும். அதில் தண்ணீர் பட்டால் கதை முடிந்தது.

இப்போது இன்னொரு தொந்தரவு சேர்ந்திருக்கிறது. ரீல்ஸ். சேற்றில் புதைத்து எடுத்த மாதிரி ஒரு கம்பளம், அதன் மேல் நுரை, கறுப்புத் தண்ணீர் ஆறாக ஓடுகிறது, ஒரே நிமிஷத்தில் மயில் கழுத்து நிறத்தில் பூ வேலைப்பாடு வெளியே வருகிறது. நானே உட்கார்ந்து பார்ப்பேன், அப்படி ஒரு சுகம் அதில். ஆனால் அந்த வீடியோவில் போவது சேறு. சேறு நூலின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தண்ணீர் வந்தால் எழுந்து போய்விடும். மஞ்சள், திராட்சை, வெற்றிலைச் சாறு எல்லாம் அப்படி உட்காருவதில்லை. நூலோடு சேர்ந்து நூலின் நிறமாகவே ஆகிவிடும். இந்த வித்தியாசத்தை நான் சென்னையில் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டதாகத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் ஓடைப்பட்டி. மேகமலை அடிவாரத்தில், சின்னமனூரிலிருந்து பஸ் ஏறினால் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே வரும் ஊர். எங்கள் ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது விதையில்லாத பச்சைத் திராட்சை. அது நல்ல பிள்ளை, கறை விடாது. வம்பு பண்ணுவது பன்னீர்த் திராட்சைதான். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க, வருஷம் பூராவும் அறுப்பு நடக்கும் கறுப்புத் திராட்சை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் பட்டாசு வெடிக்காததுதான் குறை. என் அப்பத்தாவிடம் போய்ச் சொன்னேன். "அந்தச் சனியனுக்கா?" என்றாள்.

அப்பத்தா அந்தத் திராட்சையைத் தின்றதைவிடத் துவைத்தது அதிகம். நாங்கள் ஊருக்கு வெளுத்த குடும்பம். அப்பத்தாவும் தாத்தாவும் வீடு வீடாகத் துணி எடுத்து, ஓடையில் தண்ணீர் இருந்தால் ஓடையில், இல்லாவிட்டால் யாராவது மனசு வைத்து மோட்டார் போடும் கிணற்றுத் தொட்டியில் துவைத்தவர்கள். கூலி என்பது களத்தில் அளக்கும் தானியமும் பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகப் போய் வாங்கும் சோறும்தான்.

பன்னீர்த் திராட்சைக் கறையில் சோப்போ சோடாவோ பட்டால் ஊதா நிறம் நீலமாகிப் பச்சைக்குத் திரும்பும். எலுமிச்சை பிழிந்தால் ரோஸ் நிறத்துக்கு இறங்கும். எனக்கு இதைப் பயிற்சியாளர் காரம், அமிலம் என்று போர்டில் எழுதி விளக்கினார். அப்பத்தா "அதுக்குப் புளிப்பு காட்டணும், காரம் காட்டுனா மொறைக்கும்" என்பாள். மஞ்சள் நேர் எதிர்க் குணம், சோப்புப் பட்டால் ரத்தச் சிவப்பாகிப் பயமுறுத்தும், கண்டுகொள்ளாமல் வெயிலில் போட்டால் தானே வெளிறிப் போகும். அப்புறம் துத்தக் கறை. திராட்சைக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். போர்டோ கலவை என்று விவசாய ஆபீசில் சொல்வார்கள். பிரான்சில் திராட்சைக்காகக் கண்டுபிடித்தது, போர்டோ என்பது அங்கே ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் தோளில் என்ன போட்டுக்கொண்டு மருந்து அடித்தார்களோ, எங்கள் ஊரில் துண்டும் கைலியும் நீலப் பொருக்குத் தட்டி அப்பத்தாவின் மூட்டைக்கு வந்து சேர்ந்தன. அதற்கும் எலுமிச்சைதான்.

மற்றவற்றுக்கு வெள்ளாவி. உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, பானை வாய் மேல் கோபுரமாக அடுக்கி, அடியில் ராத்திரி முழுக்கத் தீ எரிப்பார்கள். ஆவி ஏறி ஏறி அழுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். நான் பார்த்தபோது அந்த அடுப்பு இடிந்து அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனால் சேங்கொட்டை பார்த்திருக்கிறேன். எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்று தெரிய, சேங்கொட்டையைக் குத்தி அந்தச் சாறால் துணி ஓரத்தில் புள்ளியும் கோடுமாகக் குறி போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தா இருநூறு வீட்டின் குறியை நினைவில் வைத்திருந்தாள். சாறு தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அவள் வலது கட்டைவிரல் ஓரத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அந்தக் கொட்டைக்கு 'டோபி நட்' என்றே பேர் வைத்திருந்தார்கள். அந்தக் குறி எத்தனை வெள்ளாவி கண்டாலும் அழியாது.

அதாவது எது போகும் எது போகாது என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவளுக்கு வழி இல்லை.

அப்பா சொன்ன ஒரு சம்பவம். அப்போது அவருக்குப் பத்து வயசு, அப்பத்தாவோடு மூட்டை தூக்கிப் போயிருக்கிறார். பெரிய தோட்டக்காரர் ஒருவர் வீடு. அவருடைய எட்டு முழ மல்வேட்டியில் வெற்றிலை எச்சில், அவரே துப்பியது, கல்யாண வீட்டில் உட்கார்ந்தபடி துப்பி அப்படியே காயவிட்டது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து காய்ந்தால் அது துரு மாதிரிப் பிடித்துக்கொள்ளும். துணியை வாங்கும்போதே அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் "இது போகாது சாமி" என்று சொன்னால் "துவைக்க வலிக்குதா?" என்று வரும். வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு தடவை வெள்ளாவி வைத்தாள். நூல் இளைத்ததே தவிரக் கறை இளைக்கவில்லை. கேட்டு ஆள் வந்தபோதெல்லாம் "வெள்ளாவியில இருக்கு சாமி", "காயப் போட்டிருக்கு சாமி" என்று நாள் கடத்தினாள். அவள் கையில் இருந்தது அந்தத் தாமதம் மட்டும்தான். கடைசியில் மற்ற துணிகளுக்கு நடுவே மடித்து வைத்துக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தாள். அவர் அதை மட்டும் சரியாக உருவி எடுத்து, நாலு பேர் முன்னால் விரித்துக் காட்டினார். என்ன சொன்னார் என்பதை அப்பா ஒருமுறைதான் என்னிடம் சொன்னார். நான் எழுதப் போவதில்லை. அந்த வருஷம் களத்தில் அவர் வீட்டிலிருந்து ஒரு மரக்கால் குறைந்தது. அப்பா அதற்குப் பிறகு மூட்டை தூக்கப் போகவில்லை. பெரியவரானதும் சின்னமனூரில் இஸ்திரிப் பெட்டியோடு உட்கார்ந்தார், வாடகைப் பாத்திரக் கடைகளின் ஜமுக்காளத்தை மொத்தமாகத் துவைத்துக் கொடுத்தார். ஊருக்குள் துணி எடுக்க மட்டும் போக மாட்டார்.

கார்ப்பெட் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குப் புதுசு என்று நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண் நடக்க, திருவிழாவில் சாமி வர, தரையில் நடைபாவாடை விரிப்பது வண்ணார் வேலை. மிதிக்க விரித்து, மிதித்ததும் பின்னாலிருந்து சுருட்டி, ஓடி வந்து முன்னால் மறுபடி விரிக்க வேண்டும். தாத்தா அப்படி விரித்துக்கொண்டே ஊரைச் சுற்றியிருக்கிறார். ரெட் கார்ப்பெட் வரவேற்பு என்று எங்கேயாவது படித்தால் எனக்கு அந்தக் கம்பளத்தைச் சுருட்டுகிறவன் ஞாபகம்தான் வருகிறது.

நான் சென்னைக்குப் போனது டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல். ஒரு கிளீனிங் கம்பெனியில் சேர்ந்தேன். பேர் பொறித்த நீல டி-சர்ட், கழுத்தில் அடையாள அட்டை, தண்ணீரைப் பீய்ச்சி அதே வேகத்தில் உறிஞ்சும் மெஷின். இரண்டு வாரப் பயிற்சி. அதில் ஒரு நாள் முழுக்க 'கஸ்டமர் எக்ஸ்பெக்டேஷன்'. கம்மியாச் சொல்லு, ஜாஸ்தியாச் செய். முன்னாடியே போட்டோ எடு. படிவத்தில் பழைய கறை, கிழிசல், சாயம் போன இடம் எல்லாவற்றையும் குறித்துக் கையெழுத்து வாங்கு. காய எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்லு. எல்லாமே சரியான பாடம்தான், இன்றைக்கும் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் ஒரு நாளைக்கு நாலு வீடு என்று கணக்கு வைத்திருந்த கம்பெனியில் கால் மணி நேரம் பேச யாருக்கு நேரம்?

அன்றைக்கு எனக்கு அது மூன்றாவது வீடு. எழுபது வயசு தாண்டிய அம்மா, தனியாக இருந்தார். கையால் முடிச்சுப் போட்ட காஷ்மீர்க் கம்பளம், சிவப்புத் தரை, சந்தன நிற ஓரம். வீட்டுக்காரர் ஸ்ரீநகரிலிருந்து சுமந்து வந்ததாம். ஓரத்தில் ஒரு டீக் கறை. "புதுசு மாதிரி ஆயிருமா?" என்று அவரும் கேட்டார். "ஆயிரும் மேடம்" என்றேன். வெள்ளைத் துணியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கம்பளி ஆட்டு மயிர். நம் தலைமுடி மாதிரிதான், காரத்தைத் தாங்காது. சூட்டோடு சேர்ந்தால் பிடித்து வைத்திருக்கும் சாயத்தை விட்டுவிடும். எனக்கு அது தெரியும். சோபாவுக்குக் கலந்த அதே சுடுதண்ணீரை அதே மருந்தோடு இறக்கினேன். டீக் கறை போனது. சிவப்பு கசிந்து சந்தன ஓரத்துக்குள் ஒரு சாண் அளவுக்கு ரோஸ் நிறமாக ஏறி நின்றது.

அவர் காபியோடு வந்தார். "இது என்ன தம்பி, ரோஸா இருக்கு?"

"முன்னாடியே இருந்தது மேடம். அழுக்கு மூடியிருந்துச்சு. இப்போ சுத்தமானதும் தெரியுது."

எனக்கு அந்த வாக்கியத்தை யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "அப்படியா? என் கண்ணுதான் சரியில்ல போல இருக்கு" என்றார். படிவத்தில் 'முழு திருப்தி' என்ற கட்டத்தைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டார். நூறு ரூபாய் கூடக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

மின்சார ரயிலில் திரும்பும்போது அந்த அம்மாவை நினைத்துக்கூட எனக்குச் சங்கடமாக இல்லை, உண்மையைச் சொல்கிறேன். தப்பித்த நிம்மதிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, ராத்திரி படுத்திருந்தபோது திண்ணையில் விரித்த வேட்டி ஞாபகம் வந்தது. நான் பார்த்தே இராத வேட்டி. அப்பத்தா தன்னால் ஆனதையெல்லாம் செய்து, ஒரு பொய்யும் சொல்லாமல், வெறும் நாள் கடத்தினாள். அவளை யாரும் நம்பவில்லை. நான் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டுப் பொய் சொன்னேன். டி-சர்ட்டும் படிவமும் மெஷின் சத்தமும் சேர்ந்து என்னை நம்பவைத்தன. அந்த அம்மா தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். மறுபடி அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும். போகவில்லை.

2020-இல் ஊரடங்கு, எல்லாரையும் போல ஊருக்கு வந்தேன். கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. கையிருப்பையும் அம்மாவின் தோட்டையும் வைத்து ஒரு பழைய மெஷின் வாங்கினேன். தேனி மாவட்டத்தில் கார்ப்பெட் கழுவ ஆள் தேவையா என்று சிரித்தார்கள். தேவைதான். துபாயிலிருந்து வந்தவர் சுருட்டிக் கொண்டுவந்தது, குமுளிக்குச் சுற்றுலா போனவர் காஷ்மீர்க் கடையில் ஏமாந்தது, எஸ்டேட் பங்களாவில் பூஞ்சை பிடித்தது என்று ஏதோ ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது.

கல்யாண மண்டபக்காரர்களுக்கு எதிர்பார்ப்பே கிடையாது. மேடைச் சிவப்புக் கம்பளத்தில் பாயசம் காய்ந்து ஓடு மாதிரி நிற்கும். "வாடை போனாப் போதும்ப்பா, அடுத்த முகூர்த்தத்துல மறுபடி கொட்டத்தான் போறானுங்க" என்பார்கள். பள்ளிவாசலில் வேறு மாதிரி. நோன்புக்கு முன்னால் உத்தமபாளையம், கம்பம் பக்கம் கூப்பிடுவார்கள். அங்கே யாரும் புதுசு மாதிரி ஆகுமா என்று கேட்பதில்லை. "எத்தனை மணிக்குக் காயும்? பஜ்ருக்கு ஈரம் இருக்கக் கூடாது பாய்" என்பதுதான் ஒரே கவலை. நெற்றி படும் இடம். ஒரே ராத்திரியில் முடிக்கச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்வேன். இன்றைக்குப் பின்பாதி வரிசைகள், நாளைக்கு முன்பாதி. ஆடிக் காற்றில் என்றால் ஒரே நாளில் ஆகும், ஐப்பசி அடைமழையில் மூன்று நாளானாலும் ஈரம் விடாது. அதையும் சொல்லிவிடுவேன். ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை.

கஷ்டம் எல்லாம் வீடுகளில்தான். கழுவிய மூன்றாம் நாள் போன் வரும். "தம்பி, அது திரும்பி வந்துருச்சு!" பேய் வந்த மாதிரிச் சொல்வார்கள். அடிநூல் வரை இறங்கிய காபி, காயக் காய ஈரத்தோடு சேர்ந்து நூல் வழியாக மேலே ஏறிவிடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரிதான். முன்னாடியே சொல்லி வைத்திருந்தால் "நீங்க சொன்ன மாதிரியே வந்துருச்சு" என்பார்கள், சொல்லாமல் விட்டிருந்தால் நான் ஏமாற்றுக்காரன். இரண்டுக்கும் கறை ஒன்றுதான்.

சிலர் நான் பேசி முடித்ததும் "அப்ப வேணாம், வேற ஆளைப் பாத்துக்கிறோம்" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. மாதத்தில் நாலைந்து வீடு அப்படிப் போகும். மதுரையிலிருந்து வரும் ஆட்கள் எல்லாவற்றுக்கும் "ஆயிரும்" என்கிறார்கள். அவர்கள் வண்டிக்கு நல்ல ஓட்டம். வட்டி கட்டும் தேதியில் எனக்கும் நாக்கு "ஆயிரும்" என்று துடிக்கும்.

போன மாதம் ஓடைப்பட்டியிலிருந்தே ஒரு போன். வீட்டைச் சொன்னதும் தெரிந்தது, அந்தத் திண்ணை வீடு. இப்போது திண்ணை இல்லை, கிரானைட் படி. அந்தத் தோட்டக்காரரின் பேரன், பெங்களூரில் இருக்கிறவர், விடுமுறைக்கு வந்திருந்தார். பதோஹியில் நெய்த வெளிர்நிறக் கம்பளி விரிப்பு, நடுவில் குழந்தை கவிழ்த்த திராட்சைச் சாறு. வீட்டில் விளைந்த பன்னீர்த் திராட்சை. பதறிப்போய்ச் சலவை பவுடர் கரைத்து ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். கறை நீலப்பச்சையாக முறைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். நான் தரையில் முட்டி போட்டேன், வேலைக்காக. துணியை அழுத்தி, முதுகைப் பார்த்து, விரலால் நூலைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுந்தேன்.

"சார், இது முழுசாப் போகாது. பாதிக்கு மேல குறையும். நிழல் மாதிரி ஒண்ணு நிக்கும். அதை விரட்டணும்னா நூல் கெட்டுப்போகும். அதுக்கு நான் கை வைக்க மாட்டேன்."

தொண்டை கொஞ்சம் அடைத்தது. பேரன் சாதாரணமாக, "சரிங்க தம்பி, முடிஞ்ச வரைக்கும் பாருங்க" என்றார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

மூலையில் நாற்காலியில் அவருடைய அப்பா உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கியிருப்பார். வேட்டி விரித்த அன்றைக்கு அவர் இளவட்டம், அந்த நாலு பேரில் ஒருவராகவும் இருந்திருக்கலாம். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "நீ அவ பேரந்தானப்பா?"

"ஆமாங்கய்யா."

"உங்க அப்பத்தா இருந்தா இதைப் போக்கியிருப்பா. கைகாரி."

"இருக்காங்க" என்றேன்.

அவர் அதற்கு மேல் பேசவில்லை. புளிப்பு மருந்தை இறக்கினேன், பச்சை ரோஸாகி, ரோஸ் வெளிறி, சொன்ன இடத்தில் வந்து நின்றது. பேசிய காசைக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் அப்பத்தாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டியாயிற்று, காது மந்தம், சத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த வீடு என்று இரண்டு தடவை கேட்டாள்.

"போகாதுன்னா சொன்ன?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"சரிங்க தம்பின்னாரு."

அவள் கொஞ்ச நேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காஞ்சு எத்தனை நாளு?"

"ஒரு வாரம். அதுக்கு முன்னாடியே சோப்புப் பவுடர் போட்டுத் தேச்சிருக்காங்க."

"ஆத்தாடி, சோப்பு போட்டாகளா? அப்பப் போகாது" என்றாள்.